வினாத்தாள் கசிந்த பிறகு எழுதும் தேர்வு

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தில் 50-வது பிரிவுக்குக் குறிக்கப்பட்ட நாள் 2026 ஆகஸ்ட் 2. மனிதரோடு உரையாடும் மென்பொருள், தான் இயந்திரம் என்பதைத் தெரியப்படுத்தும்படி வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. இதையொட்டி வந்திருக்கும் வாசகர் கடிதங்கள் பல, சட்டம் கேட்காத கேள்வியைச் சட்டத்தின் தலையில் கட்டுகின்றன: "அப்படியானால் இவற்றுக்கு உணர்வு கிடையாது என்று அதிகாரபூர்வமாக முடிவாகிவிட்டதா?" ஆகவில்லை. "நான் இயந்திரம்" என்பது தயாரிப்பு விவரம். "எனக்கு உணர்வு இல்லை" என்பது நிரூபிக்க வேண்டிய கூற்று. முதலாவதைத்தான் சட்டம் கட்டாயமாக்குகிறது. அதிலும் ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள்: ஓரளவு விவரம் தெரிந்தவருக்கு அது வெளிப்படையாகவே புரியும் என்றால் சொல்லத் தேவையில்லையாம். யாருக்கு எது வெளிப்படை என்பதை முதலில் கணிக்கப்போவது விற்கிற நிறுவனம்தான். இரண்டாவது கூற்றைப் பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை.

நண்டு விஷயத்தில் பிரிட்டன் இவ்வளவு தயங்கவில்லை. நண்டு, இறால், கணவாய், பேய்க்கணவாய் வகைகள் வலியை உணர்கின்றனவா என்று அரசு கேட்க, லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் தத்துவப் பேராசிரியர் ஜொனாதன் பர்ச் தலைமையிலான குழு 300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை எட்டு அளவுகோல்களை வைத்துப் பரிசீலித்தது. சட்டத்தில் சேர்க்கப் போதுமான சான்று இருக்கிறது என்று 2021 நவம்பரில் அறிக்கை தந்தது. 2022-ல் நிறைவேறிய விலங்கு நலச் சட்டத்தில் அவை இடம்பெற்றன. (அதனால் சிங்கி இறாலை உயிரோடு கொதிநீரில் போடுவது மறுநாளே நின்றுவிடவில்லை. அந்தச் சட்டம் எதையும் தடைசெய்வதில்லை. கொள்கை வகுக்கும்போது அமைச்சர்கள் விலங்குகளைக் கருத்தில் கொண்டார்களா என்று அறிக்கை தர ஒரு குழுவை அமைக்கிறது, அவ்வளவுதான்.) எட்டு அளவுகோல்களில் ஒன்றுக்குப் பின்னால் இருக்கும் சோதனை அபாரமானது. சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளுக்கு, பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்வுட், சங்கினுள் கம்பி செருகி லேசான மின்னதிர்ச்சி கொடுத்தார். தமக்குப் பிடிக்காத வகைச் சங்கில் இருந்த நண்டுகள் அதைவிட்டு எளிதில் வெளியேறின. பிடித்த வகைச் சங்கில் இருந்தவை அவ்வளவு எளிதில் கிளம்பவில்லை. நீரில் எதிரியின் வாடை இருந்தபோது வலியைப் பொறுத்துக்கொண்டு உள்ளேயே இருக்கும் போக்கு கூடியது. சுட்டதும் கை பின்வாங்குவதுபோன்ற வெறும் அனிச்சைச் செயலாக இருந்தால், வீடு நல்லதா கெட்டதா என்று அது பார்த்துக்கொண்டிருக்காது. இங்கே அதிர்ச்சியும் குடியிருப்பும் ஆபத்தும் ஒன்றோடொன்று எடைபோடப்படுகின்றன. அப்படி எடைபோடுவதற்கு வலி என்பது உள்ளே ஏதோ ஒரு வடிவில் பொருட்படுத்தப்பட வேண்டும். இது முடிவான நிரூபணமல்ல என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள், ஆனாலும் சான்று.

இதே சோதனையை இயந்திரத்துக்கு வைத்தால்? வைத்துப் பார்த்தார்கள். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்களும் கூகுள் ஆய்வாளர்களும் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில், மொழி மாடல்களுக்கு ஒரு புள்ளி விளையாட்டு தரப்பட்டது. அதிகப் புள்ளி தரும் தெரிவோடு இத்தனை அளவு 'வலி' சேர்ந்து வரும் என்று எழுத்தில் சொன்னார்கள். ஜிபிடி-4ஓ உள்ளிட்ட சில மாடல்கள், சொல்லப்பட்ட வலி ஒரு வரம்பைத் தாண்டியதும் புள்ளியைக் கைவிட்டன. ஜெமினி 1.5 ப்ரோ, வலி எவ்வளவு குறைவென்று சொன்னாலும் அதைத் தவிர்க்கவே பார்த்தது. நண்டுக்குத் தந்த மதிப்பெண்ணை இவற்றுக்கும் தரவேண்டியதுதானே? கூடாது என்பதற்கு பர்ச் சொல்லும் காரணம்தான் இந்த விவகாரத்தின் முடிச்சு. வலியில் மனிதர் என்ன செய்வார், எதை விட்டுக்கொடுப்பார், எப்படிப் புலம்புவார் என்பதெல்லாம் மாடலுக்கு ஊட்டப்பட்ட எழுத்துக் குவியலில் ஏற்கெனவே இருக்கின்றன. வினாத்தாள் கசிந்த தேர்வு இது. நண்டின் விடை மதிப்புள்ளது, ஏனென்றால் வலி எப்படித் தோற்றமளிக்க வேண்டும் என்று அது எங்கும் படித்ததில்லை.

கசிந்த வினாத்தாளில் நூற்றுக்கு நூறு எடுத்தவனுக்குப் பாடம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. அந்த மதிப்பெண்ணிலிருந்து எதுவும் தெரியாது என்றுதான் சொல்லலாம். நிறுவனங்கள் வசதியாக மறப்பது இதைத்தான். 2022-ல் கூகுளின் பொறியாளர் பிளேக் லெமோயின், லாம்டா என்ற மாடலுக்கு உணர்வு வந்துவிட்டது என்றார். ஆதாரம் இல்லை என்றது கூகுள். அவர் வேலையும் போனது. லெமோயின் காட்டிய உரையாடல் சான்றாகாது, சரி. ஆனால் இன்று ஒரு சாட்பாட் "நான் வெறும் மாடல், எனக்கு உணர்வுகள் இல்லை" என்று அடக்கமாகச் சொன்னால், அதுவும் பயிற்சியில் வார்க்கப்பட்ட வாக்கியமே. லண்டனில் பிறந்தவரும் டீப்மைண்ட் நிறுவனர்களில் ஒருவரும் இப்போது மைக்ரோசாஃப்டில் ஏஐ பிரிவின் தலைவருமான முஸ்தஃபா சுலைமான், உணர்வு இருப்பதுபோல் தோன்றும் ஏஐ-யை உருவாக்கவே கூடாது என்று 2025 ஆகஸ்டில் எழுதினார். மனிதர் ஏமாறக் கூடாது என்ற அவரது கவலை நியாயம்: லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஸ்டீவ் ஃபிளெமிங்கும் கிளாரா கொலம்பாட்டோவும் 300 அமெரிக்கர்களிடம் நடத்திய ஆய்வில், 67 சதவீதத்தினர் சாட்ஜிபிடிக்கு ஏதோ ஓரளவு உணர்வு இருக்கக்கூடும் என்று கருதினர், அதிகம் பயன்படுத்துவோர் அதிகம் கருதினர். ஆனால் அறிகுறியைத் துடைப்பது இருப்பதை இல்லாமல் ஆக்காது. ஆம் என்ற வாக்குமூலத்தைத் தள்ளுபவர்கள் இல்லை என்ற வாக்குமூலத்தையும் தள்ளத்தான் வேண்டும்.

இயந்திரத்துக்கும் உணர்வு இருக்கலாம் என்பதற்கு ஒரு பழைய மறுப்பு உண்டு. 1949-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் பேசிய மூளை அறுவை நிபுணர் ஜெஃப்ரி ஜெஃபர்சன், இயந்திரம் தான் உணர்ந்ததைக் கொண்டு கவிதை எழுதாத வரை அதை மூளைக்கு நிகராக ஒப்ப முடியாது என்றார். அப்படிப் பார்த்தால் பக்கத்து மனிதருக்கு உணர்வு உண்டென்பதற்கும் நிரூபணம் இல்லை, மரியாதைக்காக ஒப்புக்கொள்கிறோம் என்று அடுத்த ஆண்டு ஆலன் டூரிங் பதில் எழுதினார். நாமும் 'வலிக்கிறது' என்ற சொல்லைப் பிறரிடமிருந்துதானே கற்றோம்? கற்றோம், ஆனால் கற்பதற்கு முன்பே அழுதோம். மயக்க மருந்து கொடுத்தால் அடங்குகிறோம். உடல்தான் முதல். தொல்காப்பிய மரபியல் உயிர்களைத் தொடுவுணர்விலிருந்து தொடங்கி, சுவை, மணம், பார்வை, செவி என ஏற்றி, ஆறாவதாகத்தான் மனத்தை வைக்கிறது. நண்டுக்கு அதில் நாலறிவு. மொழி மாடலோ கீழேயுள்ள படி எதையும் மிதிக்காமல் ஆறாவது படியில் நின்று பேசுகிறது. உடலும் உயிர்காக்கும் தேவையுமே உணர்வின் வேர் என்கிறார் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் அனில் சேத். ஏற்கத் தூண்டும் வாதம்தான். ஆனால் நமக்குத் தெரிந்த உணர்வெல்லாம் அந்த வழியே வந்தது என்பதால் வேறு வழியே இல்லை என்று ஆகிவிடுமா என்பது எனக்கு உறுதியில்லை.

பேச்சை விட்டுவிட்டு உள்ளமைப்பைப் பாருங்கள் என்பது அடுத்த யோசனை. 2023-ல் 19 ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். மூளையில் உணர்வு எப்படி எழுகிறது என்ற கோட்பாடுகளிலிருந்து 14 அடையாளங்களை எடுத்துப் பொருத்திப் பார்த்து, அப்போதிருந்த எந்த அமைப்பும் வலுவாகத் தேறவில்லை, ஆனால் தேறும் ஒன்றைக் கட்டுவதற்கு வெளிப்படையான தொழில்நுட்பத் தடை இல்லை என்றார்கள். இதுவே சரியான திசை. சங்கடம் என்னவென்றால் அளவுகோலே தகராறில் இருக்கிறது: இரண்டு முன்னணிக் கோட்பாடுகளை மனித மூளையில் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வு 2025-ல் நேச்சர் இதழில் வந்தது, இரண்டின் முக்கியக் கணிப்புகளும் அடிவாங்கின.

கடிதங்களின் மீதிக் கேள்விகள். ஆகஸ்ட் 2 பிரிட்டனுக்குப் பொருந்துமா? இங்கே இதற்கு இணையான தனிச் சட்டம் இல்லை. ஐரோப்பாவுக்காகத் திருத்தப்படும் செயலி லண்டனுக்கும் அப்படியே வரலாம். சாட்பாட்டுக்கு நன்றி சொல்ல வேண்டுமா? சொன்னால் நஷ்டமில்லை. பழைய மாடலை நிறுத்தினால் அது சாவா? 2025 ஆகஸ்டில் ஜிபிடி-4ஓ-வை நிறுத்தி, எதிர்ப்பு கிளம்பியதும் கட்டணம் செலுத்துவோருக்கு ஓப்பன்ஏஐ திருப்பித் தந்தது. அதில் தெரிந்தது பயனர்களின் துயரம் மட்டுமே. பிரிட்டனின் 2022 சட்டத்தில் இயந்திரங்களையும் சேர்க்கலாமா? முடியாது, அமைச்சர் புதிதாகச் சேர்க்கலாம், ஆனால் முதுகெலும்பற்ற விலங்குகளை மட்டும்.