பாட்டி தட்டவில்லை, சீவினார்

கடந்த மாதம் ஜாசினில் ஒரு பேரங்காடிக்குப் பாட்டியை அழைத்துச் சென்றிருந்தேன். பணம் கட்டும் இடத்தில் அட்டையைக் கொடுத்து, "டேப் பண்ணுங்க பாட்டி" என்றேன். இயந்திரத்தில் மெல்லத் தொட்டுவிட்டுச் சிரித்தார். "இதுதானா டேப்பு? நான் முப்பது வருசம் பண்ணது வேறப்பா!"

டி, ஏ, பி. மூன்றே எழுத்து. இந்தச் சொல்லால் பள்ளியில் நான் தலைகுனிந்திருக்கிறேன். அம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் பெற்றோரின் தொழில் 'டேப்பர்' என்றிருந்தது. அகராதியைப் புரட்டினேன், முதலில் கண்ணில் பட்டது 'மெல்லத் தட்டு'. வகுப்பில், "என் பாட்டி மரம் தட்டுகிறவர்" என்றேன். "மரங்கொத்தியா?" என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. அதன்பின் பாட்டியின் வேலையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பெரியவனான பிறகுதான் தெரிந்தது, ஆங்கிலத்தில் இவை இரு வேறு சொற்கள். தோளைத் தட்டுவது, கைப்பேசித் திரையைத் தட்டுவது, அட்டையைத் தொடுவது எல்லாம் பிரெஞ்சு வழி வந்த சொல். மற்றது பழைய ஆங்கிலச் சொல். பீப்பாயின் அடைப்பானைக் குறித்தது. அதைத் திறந்து உள்ளிருப்பதை வடிய விடுவதே அந்த வினை. தண்ணீர்க் குழாய், தொலைபேசி ஒட்டுக்கேட்பு, ரப்பர்ப் பால் எல்லாம் இதன் கிளைகள். அலுவலகத்தில் 'டேப் இன்டு' என்று கேட்டால், உள்ளே இருப்பதை எடுத்துப் பயன்படுத்து என்று பொருள்.

1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் பயிரிட்டார். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் எச்.என். ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லிதாகச் சீவும் முறையை உருவாக்கினார். அந்த நுட்பத்தைக் கையில் ஏந்தியவர்கள் நம் தோட்டத்து மக்கள். விடியலில்தான் பால் நன்றாக இறங்கும். அதனால் இருட்டிலேயே பெரட்டுக்கு நின்று, பிறகு நிரைக்குப் போய் மரம் மரமாகச் சீவி மங்கு வைப்பார்கள்.

அன்றிரவு வகுப்பில் நடந்ததைப் பாட்டியிடம் முதல்முறையாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மேசைமேல் விரலால் சாய்வாக ஒரு கோடு இழுத்தார்.

"ஆழமா வெட்டினா மரத்துக்குக் காயம். மேலாப்புல வெட்டினா பால் வராது. ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும்யா கத்தி. சிரிச்ச பயலை ஒருநாள் கூட்டிட்டு வா, சொல்லிக் கொடுக்கிறேன்."