கோளாறு என் கணினியில்தான் இருந்தது!

விடிந்தால் குழுத் திட்டத்தைப் படைக்கவேண்டும். இரவு 11 மணிக்கு மடிக்கணினியில் எங்கள் பைத்தான் நிரலை ஓட்டிப் பார்த்தேன். முதல் நாள்வரை ஒழுங்காக ஓடிய நிரல், திரை முழுவதும் பிழைச் செய்திகளைக் கொட்டியது.

“எதை மாற்றினாய்?” என்று குழுத்தோழிக்குக் கோபமாகக் குறுஞ்செய்தி அனுப்பினேன். “நான் தொடவே இல்லை. என் கணினியில் நன்றாகத்தான் ஓடுகிறது,” என்று பதில் வந்தது.

மாற்றியது நான்தான். வேறொரு பாடத்தின் பயிற்சிக்காக அன்று மதியம் ‘நம்பை’ தொகுப்பைப் புதுப்பித்திருந்தேன். கணக்கீடுகளுக்கு உதவும் நம்பையின் 2.0 பதிப்பு 2024 ஜூன் மாதம் வெளிவந்தது. முந்தைய பதிப்புகளுக்கென உருவாக்கப்பட்ட பல தொகுப்புகள் அதனுடன் ஒத்துப்போகவில்லை. நாங்கள் பயன்படுத்திய பழைய ‘பாண்டாஸ்’ தொகுப்பும் அவற்றில் ஒன்று.

திட்டத்துக்கு ஓர் அறை

‘பிப்’ கருவி மூலம் நிறுவும் தொகுப்புகள் வழக்கமாக ஒரே பொது இடத்தில் சேர்கின்றன. அங்கே ஒரு தொகுப்பின் ஒரு பதிப்புக்குத்தான் இடம். ஒரு பாடத்துக்காகப் புதுப்பித்தால் இன்னொரு பாடத்தின் நிரல் நின்றுபோகலாம்.

இதற்குத் தீர்வு மெய்நிகர்ச் சூழல். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி அறை ஒதுக்குவதைப் போன்றது அது. அதை உருவாக்கும் ‘வென்வ்’ கருவி, 2012ல் வந்த 3.3 பதிப்பிலிருந்து பைத்தானின் அங்கமாகவே உள்ளது.

அன்றிரவு தோழி, ‘பிப் ஃப்ரீஸ்’ கட்டளையை இயக்கித் தன் கணினியிலுள்ள தொகுப்புகளின் பட்டியலைப் பதிப்பு எண்களுடன் அனுப்பினார். புதிய சூழலை உருவாக்கி, அப்பட்டியலில் உள்ளவற்றை மட்டும் நிறுவினேன். நிரல் ஓடியது. அதன் பிறகு மன்னிப்பும் கேட்டேன்.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

நிறுவிய பிறகும் ‘தொகுப்பு இல்லை’ என்கிறதா? உங்கள் கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைத்தான் இருக்கலாம். பிப் ஒன்றில் நிறுவியிருக்கும். நிரல் மற்றொன்றில் ஓடும். நிரல் எழுதும் செயலியில் எந்தப் பைத்தான் தேர்வாகியுள்ளது என்று முதலில் பாருங்கள்.

விண்டோஸில் சூழலை முடுக்கிவிட முடியவில்லையா? பவர்ஷெல்லின் பாதுகாப்பு அமைப்பு அதைத் தடுத்திருக்கலாம். கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தில் முயன்று பாருங்கள்.

கோப்புறையை வேறிடத்துக்கு மாற்றியதும் சூழல் பழுதானதா? சூழலுக்குள் பழைய இடத்தின் முழு முகவரி பதிந்திருக்கும். அதைச் சரிசெய்ய மெனக்கெட வேண்டாம். அழித்துவிட்டுப் பட்டியலிலிருந்து புதிதாக உருவாக்குங்கள். நண்பருக்கும் சூழலை அனுப்பாதீர்கள். பட்டியலை அனுப்பினால் போதும்.

மறுநாள் படைப்பு நல்லபடியாக முடிந்தது. இப்போது எங்கள் குழுவில் நிரல் நின்றால், “யார் மாற்றியது?” என்று நான் கேட்பதில்லை. “எந்தச் சூழலில் ஓட்டினாய்?” என்றுதான் கேட்கிறேன்.