லூதியானாவில் ஜெயித்த மதுரை

2019 மே 22. லூதியானாவின் குருநானக் ஸ்டேடியத்தில் இந்தியப் பெண்கள் கால்பந்து லீக்கின் இறுதி ஆட்டம். மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்திக் கோப்பையை வாங்கியது மதுரையின் சேது எஃப்.சி. காரியாபட்டிப் பக்கம் இருக்கிற சேது பொறியியல் கல்லூரிக் குழுமத்தின் ஆதரவில் 2016-இல் தொடங்கிய கிளப் அது. மூன்றே வருடத்தில் நாட்டின் சாம்பியன். அதற்கு முன் தமிழ்நாட்டுக் கிளப் எதுவும் அந்தக் கோப்பையை வென்றதில்லை.

எதிரணியில் இருந்தவர் சாதாரண ஆள் இல்லை. பாலா தேவி அந்த ஒரு சீசனில் மட்டும் 26 கோல் போட்டிருந்தார். அடுத்த ஜனவரியிலேயே ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. அப்பேர்ப்பட்டவர் பந்தோடு வரும்போது மறித்து நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த சீசனில் சேதுவின் டிஃபென்ஸைக் கட்டிக் காத்தவர் லொய்தொங்பம் ஆஷாலதா தேவி. அப்போது இந்திய அணியின் கேப்டனும் அவர்தான்.

1993-இல் மணிப்பூரில் பிறந்தவர். பெண்கள் தேசியப் போட்டியை இருபது முறைக்கு மேல் வென்ற மாநிலம் அது. மதுரைக்கு அவர் வந்த வருடம் அவருக்கு எல்லாமே கூடிவந்த வருடம். மார்ச்சில் நேபாளத்தின் பிராட்நகரில் தெற்காசியக் கோப்பை, மே மாதம் சேதுவோடு லீக் கோப்பை, ஜூலையில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் சிறந்த வீராங்கனை விருது. ஆண்களில் அந்த விருதை வாங்கியவர் சுனில் சேத்ரி. சேத்ரியை மதுரையில் எந்தப் பையனைக் கேட்டாலும் தெரியும். ஆஷாலதாவை?

டிஃபென்ஸின் நடுவில் நிற்கும் ஸ்டாப்பரின் பிழைப்பு அப்படி. நம் பக்கத்துக் கபடியில் ரெய்டருக்குத்தான் கைதட்டு. மூலையில் பதுங்கி நின்று கணுக்காலைப் பிடிக்கிறவன் பேர் அடுத்த நாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆனால் அணியை நடத்துகிற வேலை பல நேரம் பின்னால் இருப்பவரிடம்தான் போகும். மொத்த மைதானமும் அவர் கண் முன்னால் கிடக்கிறது. யார் இடம் மாறி நிற்கிறார்கள், எந்தப் பக்கம் ஓட்டை விழுகிறது என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். 1974-இல் ஜெர்மனிக்காக உலகக் கோப்பையைத் தூக்கிய பெக்கன்பவரும், 2014-இல் தூக்கிய லாமும் டிஃபென்ஸ் ஆட்டக்காரர்கள்தான். கோல் போட்டுப் பேர் வாங்கியவர்கள் இல்லை.

மதுரைக்காரர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அன்றைய லீக்கின் கடைசிக் கட்டத்தை ஏதாவது ஓர் ஊரில் வைத்து, சில வாரங்களில் மடமடவென்று முடித்துவிடுவார்கள். மதுரையின் கிளப் மே மாத வெயிலில் பஞ்சாபில் போய் ஆடி, ஜெயித்து, ரயிலேறித் திரும்ப வேண்டும். சொந்த ஊர்க்காரர் பார்க்காத ஆட்டத்துக்கு ரசிகர் எங்கிருந்து வருவார்? உள்ளூரிலும் வெளியூரிலும் மாறி மாறி ஆடும் முறை 2023-24 சீசனில்தான் வந்தது. அதற்குள் ஆஷாலதா கிளப் மாறிவிட்டார்.

சேதுவிலிருந்து கோழிக்கோட்டின் கோகுலம் கேரளாவுக்குப் போனார். 2022 மே 26, புவனேஸ்வரம். லீக்கின் கடைசி ஆட்டத்தில் கோகுலமும் சேதுவும் மோதின. இரண்டுமே அதுவரை ஒரு புள்ளியைக்கூட விடாத அணிகள். கோகுலத்துக்கு டிரா போதும், சேதுவுக்கு ஜெயித்தே ஆகவேண்டும். மூன்றாவது நிமிடத்திலேயே ரேணு கோல் போட்டு சேதுவை முன்னே கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் கோகுலத்துக்குப் பெனால்டி. பந்தை வைத்து அடிக்க வந்தவர் முன்கள ஆட்டக்காரர் இல்லை, ஆஷாலதா. அடித்தார், 1-1. எல்ஷடாயும் மனீஷா கல்யாணும் ஆளுக்கொன்று போட, ஆட்டம் 3-1. லூதியானாவில் சேது எடுத்த அதே ஸ்கோர்!

அதே வருடத்தின் மற்ற பக்கங்கள் அவ்வளவு நல்லதாக இல்லை. ஜனவரி 20 அன்று ஆசியக் கோப்பையில் அவர் தலைமையில் இந்தியா ஈரானோடு 0-0 டிரா செய்தது. ஒரு ஸ்டாப்பருக்கு அந்த முட்டையும் ஒரு சம்பாத்தியம்தான். மூன்றே நாளில் அணிக்குள் கொரோனா பரவிவிட்டது. சீன தைபேக்கு எதிராக இறக்கப் பதினொரு பேர் தேறவில்லை. இந்தியா போட்டியிலிருந்து விலகியதாகக் கணக்கு வைத்து, ஈரான் ஆட்டத்தையும் செல்லாது என்று அடித்துவிட்டார்கள். ஆகஸ்டில் ஆசிய கிளப் போட்டிக்காக கோகுலம் அணி தாஷ்கண்ட் போய் இறங்கியபோது, இந்திய சம்மேளனத்தை ஃபிஃபா தடை செய்தது. சம்மேளனத்து நிர்வாகச் சண்டைக்கு, பூட்ஸ் கட்டிக் காத்திருந்த பெண்கள் ஆடாமலே விமானம் ஏற வேண்டியதாயிற்று. தடை அந்த மாதக் கடைசியிலேயே நீங்கியது என்பது அவர்களுக்கு என்ன ஆறுதல்?

ஆனாலும் ஆஷாலதா ஆட்டத்தை விடவில்லை. 2024 பிப்ரவரியில் துருக்கியில் நூறாவது சர்வதேச ஆட்டம். அந்த எண்ணைத் தொட்ட முதல் இந்தியப் பெண் அவர். பிறகு ஈஸ்ட் பெங்காலுக்குப் போய் 2024-25 லீக் கோப்பையையும் பார்த்துவிட்டார்.

2022-இல் சேதுவுக்குப் பயிற்சி தந்த கிறிஸ்பின் சேத்ரி பின்னர் இந்திய அணிக்குப் பயிற்சியாளரானார். 2025 ஜூலையில் அவருடைய அணி தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது. அந்த அணியின் கேப்டன் ஸ்வீட்டி தேவி. அவரும் மணிப்பூர்தான், அவரும் ஸ்டாப்பர்தான்.