இடம் மாறிய அணுக்கள்

திருப்பதிக்கும் புத்தூருக்கும் இடையே உள்ளது எங்கள் ஊராகிய வடமாலபேட்டை. அங்கே என் மாமா தோப்பு வைத்தபோது, ஒரு மா, ஒரு கொய்யா என மாற்றி மாற்றி நடச் சொன்னார். கன்றுகளின் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஆனால் நட்டவர்கள் சில இடங்களில் மாவுக்கு அடுத்து மாவையே வைத்துவிட்டனர். வளர்ந்தபின் அம்மரங்கள் ஒன்றின் வெயிலை ஒன்று மறைத்தன; இரண்டுமே காய்ப்பில் குன்றின.

மாணவ நண்பர்களே, இத்தோப்பு ஆய்வுக்கூடத்தில் என் நினைவுக்கு வந்த கதையைக் கேளுங்கள்.

ஸ்ட்ரான்ஷியம், இரும்பு, மாலிப்டினம் ஆகிய மூன்றும் ஆக்ஸிஜனோடு சேர்ந்த ஒரு பொருளைச் செய்ய முனைந்தேன். அளவுப்படி நிறுத்துக் கலந்து, வில்லையாக அழுத்திச் சூளையில் சுட்டேன். காந்த வலிமை 4 வரவேண்டும். 2 கூட வரவில்லை. இரசாயனங்களைக் குறை கூறினேன். தராசைக் குறை கூறினேன். மாதங்கள் வீணாயின. குற்றமோ அவற்றில் இல்லை.

இவ்வகைப் பொருள்களுக்குப் பெரோவ்ஸ்கைட் என்று பெயர். 1839-இல் யூரல் மலைப் பகுதியில் கிடைத்த ஒரு கனிமத்துக்கு, பெரோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பிரமுகரின் பெயரைச் சூட்டினர். அதே அமைப்புடையன எல்லாம் இன்று அப்பெயரால் வழங்குகின்றன. நான் செய்தது இரட்டைப் பெரோவ்ஸ்கைட். சதுரங்கப் பலகையின் கறுப்பும் வெள்ளையும் போல, இதில் இரும்பும் மாலிப்டினமும் மாறி மாறி அமரவேண்டும். இடையே ஆக்ஸிஜன் நிற்கும்.

ஒவ்வோர் அணுவையும் ஒரு சிறு காந்தமெனக் கொள்வோம். போர் மாக்னெட்டான் என்னும் அலகில் இரும்பின் வலிமை 5. மாலிப்டினத்தின் வலிமை 1, அதுவும் எதிர்த்திசையில். மிஞ்சுவது 4. இரும்பணு ஒன்று மாலிப்டினத்தின் இடத்தில் அமர்ந்தால், அதன் அண்டையில் இருப்பவையும் இரும்பே. ஆக்ஸிஜனை நடுவில் வைத்து நிற்கும் இவ்விரும்புகள் எதிரெதிர்த் திசை நோக்கும். ஒன்றின் வலிமையை மற்றது அழிக்கும். எளிய கணக்கின்படி, 100 இரும்பணுக்களில் 10 இடம் மாறினால் 4 என்பது 3.2 ஆகும், 50 மாறினால் எஞ்சுவது பூஜ்யமே!

இதனால் என்ன நஷ்டம் என்பீர்கள். சிறு காந்தப் புலம் பட்டதும் இப்பொருளின் மின்தடை சட்டெனக் குறைகிறது. அறை வெப்பத்திலேயே இது நிகழ்வதை 1998-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் காட்டினர். காந்தத்தை உணரும் கருவிகளுக்கு இது பெரும் நம்பிக்கை தந்தது. 2000-ஆம் ஆண்டில் டி. டி. சர்மா, இ. வி. சம்பத்குமாரன் முதலிய நம் நாட்டு விஞ்ஞானிகள் இதே பொருளை இரு விதமாகச் செய்து ஒப்பிட்டனர். ஒன்றில் ஒழுங்கு 91 விழுக்காடு, மற்றதில் 31. முன்னதில் சிறு புலத்துக்கே மின்தடை விரைந்து குறைந்தது. பின்னதில் அந்தப் பாய்ச்சலே இல்லை. வாய்பாடோ இரண்டுக்கும் ஒன்றே!

அணுக்கள் தத்தம் இடம் தேடி நகர்வதற்குத் தக்க சூடும் போதிய நேரமும் வேண்டும். அவசரமாகக் குளிர்வித்தால் அவை நின்ற இடத்திலேயே உறைந்துவிடும். என் தவறும் அவசரமே. நேரத்தைக் கூட்டி மீண்டும் சுட்டேன், காந்தம் வலுத்தது.

வாய்பாடு ‘எத்தனை’ என்று சொல்லும். ‘எங்கே’ என்று சொல்லாது. ஆய்வுக்கூடம் புகும் நண்பர்கள் இரண்டையும் கேட்கப் பழகுவார்களாக. என்னைப் போல் தராசின்மேல் பழி போடாமல் தப்பலாம்.