டவர் இல்லாத இடத்திலும் வழி தெரியும்

சென்னையிலிருந்து திருத்தணி வழியாகத் திருப்பதிக்கு பைக்கில் போகிறவர்கள், பொன்பாடி சோதனைச் சாவடி தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி போனைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். "ஜிபிஎஸ் போயிடுச்சு" என்பார்கள். ஆந்திர எல்லையில் ஒரு டவர் கைவிட்டு அடுத்த டவர் பிடிப்பதற்குள் நெட் திணறும், மேப் வெறும் சாம்பல் கட்டமாக நிற்கும். போனது நெட்தான், ஜிபிஎஸ் எங்கும் போகவில்லை. சாலைகளின் படம் இறங்காவிட்டாலும், நாம் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி சரியாகத்தான் நகர்ந்துகொண்டிருக்கும்.

ஹேண்டில்பாரில் கிளாம்ப் போட்டு மாட்டிய கையடக்க ஜிபிஎஸ் கருவியோ, போனோ, எதுவானாலும் அது ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை. கேட்பது மட்டுமே அதன் வேலை. ஆகவே எத்தனை பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் நெரிசல் கிடையாது. ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கானோர் காவடியோடு திருத்தணியில் குவியும்போது போன் பேச முடியாமல் போகலாம். செயற்கைக்கோளின் சமிக்ஞைக்கு அந்தக் கூட்டம் ஒரு பொருட்டே இல்லை.

மின்னலைப் பார்த்து, இடி கேட்கும் வரை வினாடிகளை எண்ணி, எவ்வளவு தூரத்தில் இடித்தது என்று சிறு வயதில் கணக்குப் போட்டிருப்போம். கருவி செய்வதும் அதே கணக்குத்தான். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. 'இன்ன செயற்கைக்கோள் நான், இன்ன நேரத்தில் இதை அனுப்புகிறேன்' என்பதை ஒவ்வொன்றும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நேர் உச்சியில் இருப்பதன் சமிக்ஞை நம்மை வந்தடைய 0.067 வினாடி ஆகிறது. அந்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைத்துவிடும். ஆனால் நேரத்தில் வினாடியின் 10 லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலே தொலைவில் 300 மீட்டர் தவறும். கருவிக்குள் இருப்பதோ மலிவான குவார்ட்ஸ் கடிகாரம்.

இந்தச் சிக்கலைத் தீர்த்த விதம் என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. இடத்தைச் சொல்ல மூன்று எண்கள் வேண்டும். கருவியின் கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதையும் தெரியாத நான்காவது எண்ணாக வைத்துக்கொண்டு, நான்காவது செயற்கைக்கோளையும் கேட்டுவிட்டால் நான்குக்கும் ஒன்றாக விடை கிடைத்துவிடும். இடம் தெரிவதோடு, அணுக் கடிகாரத்தோடு ஒத்துப்போகும் நேரமும் கைக்கு வந்துவிடுகிறது.

வந்து சேரும் சமிக்ஞை மிகமிக மெலிந்தது. ஒரு வாட்டில் நூறு கோடி கோடியில் ஒரு பங்குதான் ஆண்டெனாவில் விழுகிறது. சுற்றியுள்ள இரைச்சலைவிட அது தாழ்ந்தது. ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் தனித்தனியான 1,023 குறிகள் கொண்ட வரிசை உண்டு. அது மில்லிவினாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவதால், கருவி அதைத் தன்னிடமுள்ள நகலோடு பொருத்திப் பொருத்தி இரைச்சலிலிருந்து மீட்டெடுக்கிறது. செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரமோ வினாடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில் வருகிறது. முழுவதும் வந்து சேர 30 வினாடி வரை ஆகும். போனில் நெட் இருந்தால் அந்த விவரத்தை அங்கிருந்தே வாங்கிக்கொள்ளும், உடனே இடம் காட்டும். நெட் இல்லாத இடத்தில் வானத்திலிருந்தே படித்தாக வேண்டும். புளியமர நிழலில் ஓடிக்கொண்டே படிக்க வைத்தால் நடுநடுவே அறுந்து, மறுபடி தொடங்க வேண்டியதாகிவிடும். புறப்படும் முன் திறந்த வெளியில் ஒரு நிமிடம் நின்றால் போதும்.

பைக்கில் போகிறவர்களைக் குழப்பும் இன்னொன்று, வண்டி நிற்கும்போது மேப்பில் உள்ள அம்பு கண்டபடி சுற்றுவது. நாம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது செயற்கைக்கோள் சமிக்ஞையிலிருந்து தெரியாது. எந்தப் பக்கம் நகர்கிறோம் என்பதுதான் தெரியும். திசைகாட்டியும் கருவியில் இருக்கலாம், ஆனால் எஞ்சினுக்கும் இரும்புக்கும் பக்கத்தில் அதை நம்ப முடியாது. பத்தடி உருட்டினால் அம்பு நேராகிவிடும். நகரும்போது சமிக்ஞையின் அதிர்வெண் கொஞ்சம் மாறும், அதுதான் டாப்ளர் விளைவு. அதை வைத்து வேகத்தையும் துல்லியமாகக் கணிக்கிறது. ஸ்பீடாமீட்டரில் 60 காட்டும்போது ஜிபிஎஸ்ஸில் 56, 57 என்று வந்தால் ஜிபிஎஸ்ஸையே நம்புங்கள். ஸ்பீடாமீட்டரைச் சற்றுக் கூட்டிக் காட்டும்படியேதான் அமைக்கிறார்கள்.

மலைமேல் ஏறும் பாதையில் இன்னொரு அதிசயம் காத்திருக்கிறது. திருத்தணியின் தணிகை மலைக்கு 365 படிகள், ஆண்டின் நாளுக்கு ஒன்று. வண்டிப் பாதை தனி. மேலே போய் உயரம் பார்க்கிறோம். செயற்கைக்கோளிலிருந்து கிடைக்கும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அளந்ததன்று. பூமியை வழவழப்பான, துருவங்களில் சற்றுத் தட்டையான உருண்டையாகக் கற்பனை செய்து, அதிலிருந்து அளக்கிறது. உண்மையான கடலோ ஈர்ப்பு கூடிய இடத்தில் மேடாகவும் குறைந்த இடத்தில் பள்ளமாகவும் கிடக்கிறது. அந்தப் பள்ளங்களில் உலகிலேயே ஆழமானது இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது. 100 மீட்டருக்கும் மேல் இறக்கம். அதன் சரிவில்தான் தமிழ்நாடு முழுவதும் இருக்கிறது. திருத்தப்படாத கணக்குப்படி, மெரினாவில் அலையில் கால் நனைத்து நிற்பவர் பூஜ்யத்துக்கு 80 மீட்டருக்கும் கீழே நிற்கிறார்! சமவெளியில் இருக்கும் திருத்தணி ஊரின் உயரத்தையும் அந்தக் கழித்தலே பெரும்பாலும் விழுங்கிவிடும். நல்ல கருவிகளில் இந்த மேடுபள்ளத்தின் அட்டவணை உள்ளேயே இருக்கிறது. அதைச் சேர்த்துத்தான் நமக்குக் காட்டுகின்றன. இந்தப் பள்ளம் ஏன் உண்டானது என்பதற்கு பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023ல் ஒரு விளக்கம் தந்தார்கள்: பூமியின் ஆழத்திலிருந்து மேலெழும் சூடான, எடை குறைந்த பாறைப் பொருளே காரணம்.

பழைய சர்வே வரைபடங்களை வைத்துக்கொண்டு போகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1802ல் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் அளவைப் பணியின் வழியில் வந்த வரைபடங்களுக்கு, பின்னாளில் அப்பணியை நடத்திய எவரெஸ்டின் பெயரால் வழங்கும் வேறோர் உருண்டைதான் அடிப்படை. அந்த வரைபடத்தின் ஆயத்தொலைவுகளை அப்படியே ஜிபிஎஸ்ஸில் போட்டால் நம் பகுதியில் 100 மீட்டருக்கும் மேல் தள்ளிக் காட்டும். கருவி கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். கருவியில் அடிப்படை உருண்டைக்கான அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

செயற்கைக்கோள்களில் உள்ள அணுக் கடிகாரங்கள் தரையில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோவினாடி வேகமாக ஓடும். ஐன்ஸ்டீனின் சார்பியல் சொல்வது அது. திருத்தாமல் விட்டால் அளக்கும் தொலைவில் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் பிழை சேரும். கடிகாரம்தான் இத்தகைய அமைப்புகளின் உயிர் என்பதை நாம் பட்டறிந்தோம். திருத்தணியிலிருந்து வான்வழியே 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 ஜூலை 1ல் ஜிபிஎஸ் போலவே இடம் காட்டும் நம் நாட்டின் நாவிக் அமைப்பின் முதல் செயற்கைக்கோள் ஏறியது. அதில் வைத்த வெளிநாட்டு ரூபிடியம் கடிகாரங்கள் மூன்றும் பழுதாயின; பிறகு மற்ற சிலவற்றிலும் பழுது. 2023 மே 29ல் ஏறிய என்விஎஸ்-01, இந்தியாவிலேயே செய்த ரூபிடியம் கடிகாரத்தோடு போனது. 2025 ஜனவரியில் ஏவிய என்விஎஸ்-02 உரிய பாதைக்கு உயர முடியவில்லை. இந்தப் பணியை நாடு பாதியில் விடக்கூடாது. ஏனெனில் நம் தலைக்கு மேலேயே சுற்றிவரும்படி அமைத்த செயற்கைக்கோள்களை, அடிவானத்தை மறைக்கும் பாறைச் சரிவு எளிதில் மறைக்காது.

ஆந்திராவிலிருந்து திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது 1960 ஏப்ரல் 1ல், ம.பொ.சி. போன்றோர் போராடியதற்குப் பின். செயற்கைக்கோளுக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது. அது கருவியில் ஏற்றிய வரைபடத்தில் மட்டும் இருக்கிறது. ஆகவே வீட்டு வைஃபையில் இருக்கும்போதே திருவள்ளூர், நகரி, புத்தூர் பகுதி மேப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பைக் எஞ்சினின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021ல் எச்சரித்திருப்பதால் அதிர்வைத் தணிக்கும் கிளாம்ப் வாங்குங்கள். மலைப்பாதை வளைவில் திரையைப் பார்க்காதீர்கள்; வழியில் சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.