அரசவை வளர்த்த இசை நாடகம்

பெரும்பாலும் பாட்டாலேயே நடத்தப்படும் ஐரோப்பிய நாடகமான ஓபரா, பிரான்சில் மன்னர் பதினான்காம் லூயியின் ஆதரவில் ஓர் அரசுக் கலையாகவே வளர்ந்தது. 1672-இல் ழான் பத்தீஸ்த் லூல்லி என்ற இசையமைப்பாளருக்கு அவர் தனியுரிமை வழங்கியதால், லூல்லியின் அனுமதி பெறாமல் வேறு எவரும் அத்தகைய நாடகத்தை மேடையேற்ற இயலவில்லை. நாடகத்துக்கு முன் பாடப்பட்ட முகப்புக் காட்சி மன்னரின் புகழைப் பாடியது. 1677-இல் அரங்கேறிய 'இசிஸ்' நாடகத்தில் பொறாமையால் கொதிக்கும் தேவி யூனோ, மன்னரின் காதலியான மொந்தெஸ்பான் சீமாட்டியையே குறிப்பதாக அவையினர் கருதியதால், அதன் கவிஞர் கினோ ஏறத்தாழ ஈராண்டு அரசவையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்.

லூல்லியின் முதல் ஓபரா அரங்கேறிய 1673-ஆம் ஆண்டில்தான், தஞ்சை நாயக்கர் விஜயராகவர் மதுரைப் படையோடு பொருது மாண்டார். பாட்டும் ஆடலும் உரையாடலும் கலந்த தெலுங்கு நாடகமான யட்சகானம் அவருடைய அவையில் செழித்திருந்தது. அவைக் கவிஞர் ரங்காஜம்மா இயற்றிய 'மன்னாருதாச விலாசம்' அவரையே நாயகனாக்கியது. பிரெஞ்சுக் கவிஞர்கள் கிரேக்கப் புராணத்தின் மறைவில் மன்னரைப் போற்ற, தஞ்சையில் மன்னரே கதைக்குள் இறங்கி நின்றார். இந்தத் துணிவுக்கு ஈடான ஒன்றை லூல்லியின் ஓபராக்களில் காண்பது அரிது.

மன்னரையே நாயகனாக்கும் இம்மரபின் உச்சம் தமிழில், கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர், பின்னாளில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியைப் பாடிய 'சரபேந்திர பூபாலக் குறவஞ்சி'. உலா வரும் தலைவனைக் கண்டு தலைவி காதலால் வாட, கூடையும் கோலுமாக வரும் குறத்தி தன் மலையின் வளம் பாடி, தலைவியின் கைரேகையைப் பார்த்து, அவன் அவளை வந்து சேர்வான் என்று குறி சொல்லும் நாடக வடிவமே குறவஞ்சி. தஞ்சைப் பெரிய கோயில் விழாவில் இந்நாடகம் ஆடப்பட்டது. ஆனால் 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய்விட்டதால், சரபோஜியிடம் எஞ்சியது தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே. கையை விட்டுப் போன நாட்டின் மாண்பைப் பாட்டில் நிலைநிறுத்திய படைப்பு என்பதாலேயே, வெறும் புகழ்ச்சி நூல் என்று இதை ஒதுக்குவது பெரும் பிழை.

மறக்கப்பட்டிருந்த 'அத்தீஸ்' என்ற லூல்லியின் ஓபராவை 1987-இல் பிரெஞ்சுக்காரர்கள் மீண்டும் மேடையேற்றிப் புத்துயிர் அளித்தனர். சென்னை அடையாற்றில் வேரூன்றிய கலைப்பள்ளியான கலாக்ஷேத்திரமும் 1944-இல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கியது. மயிலாப்பூர் முதல் வடபழனி வரை மார்கழியில் கச்சேரி நடத்தும் சபாக்கள், சரபோஜிக்கும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, சரபேந்திர பூபாலக் குறவஞ்சியை முழுமையாக மேடையேற்ற முன்வர வேண்டும்.