கொடையாளர் குருத்தணு மாற்றத்திற்குப் பின் இரத்தப் புற்றுநோய் மீண்டெழுதல்: நோயெதிர்ப்பு நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

இரத்தப் புற்றுநோயாளர்களுக்குக் கொடையாளரின் குருத்தணுக்களைச் செலுத்திய பின்னரும் சிலரிடம் நோய் மீண்டெழுகிறது. எஞ்சிய புற்றணுக்கள் பெருகுவதே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. அவ்வணுக்கள் கொடையாளரின் நோயெதிர்ப்பு அணுக்களிடமிருந்து எவ்வாறு தப்பின என்பதை அறிந்தே அடுத்த மருத்துவத்தைத் தெரிவு செய்தல் வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இரத்தப் புற்றுநோய், குருத்தணு, கொடையாளர், நோயெதிர்ப்பு, எச்.எல்.ஏ., டி அணுக்கள்

முன்னுரை

எலும்பு மச்சையிலுள்ள குருத்தணுக்களே சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகிய குருதியணுக்கள் அனைத்திற்கும் மூலமாகும். அமெரிக்க மருத்துவர் டோனால் தாமஸும் அவர்தம் குழுவினரும் நோயாளர்களுக்குக் கதிர்வீச்சளித்துப் பிறருடைய மச்சையைச் செலுத்திய முயற்சியை 1957ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இத்துறையில் ஆற்றிய பணிக்காகத் தாமஸ் 1990இல் நோபல் பரிசு பெற்றார்.

புற்றணுக்களைக் கதிர்வீச்சும் மருந்தும் அழிக்கும். அவற்றோடு அழிந்த மச்சையைக் கொடையாளர் அணுக்கள் ஈடுசெய்யும் என்பதே தொடக்ககாலக் கருத்தாக இருந்தது. இக்கருத்து முழுமையானதன்று என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

கொடையாளர் அணுக்களின் இருவகைச் செயல்

கொடையாளரிடமிருந்து வரும் டி அணுக்கள், பெறுநரின் தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றை அயலானவையெனக் கருதித் தாக்குவதுண்டு. இதனை ஒட்டணு எதிர்ப்பு நோய் என்பர். இந்நோய் உயிருக்கே ஊறு விளைவிக்கவல்லது. ஆயினும் இந்நோய்க்கு ஆளானவர்களிடம் புற்றுநோய் மீண்டெழுவது குறைவாக உள்ளது என்பதைச் சியாட்டில் நகர ஆய்வாளர்கள் 1979இல் எடுத்துக்காட்டினர்.

பன்னாட்டு மச்சை மாற்றப் பதிவகத்தின் தரவுகளைக் கொண்டு 1990இல் வெளியான ஆய்வு 2,254 நோயாளர்களை ஒப்பிட்டது. ஒட்டணு எதிர்ப்பு நோய் தோன்றியவர்களிடம் மீண்டெழுதல் குறைந்திருந்தது. ஒத்த இரட்டையரிடமிருந்து மச்சை பெற்ற கடும் மைலாய்டு புற்றுநோயாளர்களிடம் அது மிகுந்திருந்தது. டி அணுக்கள் நீக்கப்பட்ட மச்சையைப் பெற்ற நாட்பட்ட மைலாய்டு புற்றுநோயாளர்களிடமும் அவ்வாறே மிகுந்திருந்தது. ஒத்த இரட்டையரின் அணுக்கள் மரபளவில் பெறுநரின் அணுக்களைப் போன்றவை. எனவே அவை புற்றணுவை அயலானதாக உணர்வதில்லை. இதனால் கொடையாளரின் அணுக்கள் அழிந்த மச்சையை ஈடுசெய்வதோடு புற்றையும் எதிர்க்கின்றன என்பது தெளிவாயிற்று.

இதற்கு நேரடிச் சான்றும் அதே ஆண்டில் கிடைத்தது. மியூனிக் நகரின் கோல்ப் குழுவினர், மச்சை மாற்றத்திற்குப் பின் நாட்பட்ட மைலாய்டு புற்றுநோய் மீண்டெழுந்த மூவருக்கு இன்டர்பெரானுடன் அவரவர் கொடையாளரின் வெள்ளையணுக்களையும் செலுத்தினர். மூவரிடமும் நோய் தணிந்தது. கொடையாளர் நிணவணுச் செலுத்தம் எனப்படும் இம்முறை இன்றும் கையாளப்படுகிறது. எனினும் கடும் இரத்தப் புற்றுநோய்களில் இதன் பயன் குறைவாகவே உள்ளது. இவ்வேறுபாட்டிற்குரிய காரணங்களுள் சிலவற்றைப் புற்றணுவிலேயே காணலாம்.

அடையாளத்தை இழக்கும் புற்றணு

உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள எச்.எல்.ஏ. மூலக்கூறுகளே டி அணுக்களுக்கு அடையாளம் காட்டுவன. இவற்றுக்கான மரபணுக்கள் ஆறாம் குரோமோசோமின் குறுங்கரத்தில் ஒரு தொகுதியாக அமைந்துள்ளன. தந்தை வழியாக ஒரு தொகுதியும் தாய் வழியாக மற்றொன்றுமாக ஒருவருக்கு இரண்டு தொகுதிகள் உண்டு. பெற்றோரோ மக்களோ உடன்பிறந்தாரோ பாதிப் பொருத்தத்துடன் கொடையளிக்கும்போது ஒரு தொகுதி ஒத்தும் மற்றொன்று வேறுபட்டும் இருக்கும். வேறுபட்ட தொகுதியே கொடையாளரின் டி அணுக்களுக்கு முதன்மை இலக்காகிறது.

இத்தாலியின் மிலான் நகர ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை மாற்றத்திற்குப் பின் நோய் மீண்டெழுந்த 17 பேருள் ஐவரின் புற்றணுக்கள் அவ்வேறுபட்ட தொகுதியை இழந்திருந்தன. இழந்த பகுதியின் இடத்தில் ஒத்த தொகுதியின் மறுபடி அமைந்திருந்தது. எச்.எல்.ஏ. அற்ற அணுக்களைத் தாக்கும் இயல்புடையவை இயற்கைக் கொல்லி அணுக்கள். மறுபடியால் புற்றணுவின் எச்.எல்.ஏ. வெளிப்பாடு குன்றாதிருப்பதால் அவையும் அதனை எளிதில் இனங்காண்பதில்லை.

அடையாளத்தை மறைக்கும் புற்றணு

மரபணுவை இழக்காமலே அதன் வெளிப்பாட்டை ஒடுக்குவது மற்றொரு வழியாகும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள் கடும் மைலாய்டு புற்றுநோயாளர்களிடம் மேற்கொண்ட ஆய்வு 2018இல் வெளியாயிற்று. மாற்றத்திற்குப் பின் நோய் மீண்டெழுந்த 34 பேரை ஆராய்ந்தபோது 17 பேரின் புற்றணுக்களில் இரண்டாம் வகை எச்.எல்.ஏ. மூலக்கூறுகள் குறைந்திருந்தன. ஆய்வகத்தில் இன்டர்பெரான் காமாவுடன் சேர்த்து வைத்தபோது அவ்வெளிப்பாடு மீண்டது. இழந்த மரபணுவை இவ்வாறு மீட்க இயலாது. ஒடுக்கப்பட்டதை மீட்க இயலும் என்பது இவ்விரு வழிகளுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு.

மருத்துவத் தெரிவு

நோய் மீண்டெழும்போது, நோயாளரின் உடல்நிலை இடமளித்தால், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளைக் குறைப்பதும் கொடையாளர் நிணவணுக்களைச் செலுத்துவதும் வழக்கம். இரண்டும் ஒட்டணு எதிர்ப்பு நோயைத் தூண்டக்கூடியவை. புற்றணு வேறுபட்ட தொகுதியை இழந்திருந்தால், அதே கொடையாளரின் அணுக்கள் அதனைத் தம்முடையதைப் போன்றதாகவே காணும். ஆனால் அவ்வேறுபட்ட தொகுதி நோயாளரின் தோலிலும் குடலிலும் மாறாமல் இருப்பதால் அவை தாக்கப்படும். நோயாளர் பயனை இழந்து தீங்கை மட்டும் ஏற்கும் நிலை இவ்வாறு உருவாகிறது. இந்நிலையில், புற்றணுவில் எஞ்சியுள்ள தொகுதியோடு வேறுபடும் மற்றொரு கொடையாளரைத் தேடுவதே பொருந்தும் வழியாகக் கருதப்படுகிறது. எனவே பாதிப் பொருத்த மாற்றத்திற்குப் பின் நோய் மீண்டெழுந்தால், மறு செலுத்தத்திற்கு முன்னரே புற்றணுவின் எச்.எல்.ஏ. அமைப்பைச் சோதித்தல் வேண்டும்.

முடிவுரை

கொடையாளர் குருத்தணு மாற்றம் ஒரு நோயெதிர்ப்பு மருத்துவம் ஆகும். அதன்பின் நோய் மீண்டெழுதல் பல நேர்வுகளில் புற்றணு அவ்வெதிர்ப்பிலிருந்து தப்பியதைக் குறிக்கிறது. தப்பும் வழி நோயாளருக்கு நோயாளர் வேறுபடுவதால் அனைவருக்கும் ஒரே மறுமருத்துவம் பொருந்தாது. ‘நோய் மீண்டதா?’ என்னும் வினாவோடு நில்லாமல், ‘எவ்வழியில் மீண்டது?’ என்னும் வினாவுக்கும் விடை காண்பது சிகிச்சையின் இன்றியமையாத பகுதியாகும்.